மதிப்பெண் இல்லாத பாடம்

கிளமெண்டி பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் காலை நேரத்தில் 96ஆம் எண் பேருந்துக்கு வரிசையில் நிற்போரில் பலர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள். புதிய பருவம் நெருங்கும்போது அவர்களது கைப்பேசியில் அடிக்கடி திறக்கப்படும் இணையத்தளம் ‘என்யுஎஸ்மாட்ஸ்’. எந்தப் பாடத்தை எந்த நேரத்தில் எடுக்கலாம் என்று திட்டமிட அது உதவுகிறது.

அதைத் தொடங்கியது பெரிய நிறுவனம் அன்று. 2012ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் தமது சொந்த முயற்சியாக உருவாக்கியது அது. பிறகு மற்ற மாணவர்களும் கைகொடுத்தனர். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தத்தையும் பரிந்துரைக்கலாம். மூத்தவர்கள் பட்டம் பெற்றுச் சென்றாலும் இளையவர்கள் அதைப் பொறுப்பேற்று நடத்துகின்றனர்.

32,768 வழிகள்

கால அட்டவணை போடுவது எளிதாகத் தோன்றலாம். ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு வகுப்பு நேரங்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32,768 அட்டவணைகள் சாத்தியம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லை. முதல் இரண்டு பாடங்களின் நேரங்கள் மோதிவிட்டால், மீதி மூன்று பாடங்களுக்கான 512 சேர்க்கைகளையும் அங்கேயே ஒதுக்கிவிடலாம். ஓர் அடி பின்வாங்கி, அடுத்த நேரத்தை முயன்றால் போதும்.

இதற்குப் ‘பின்வாங்கித் தேடும் முறை’ என்று பெயர். மூத்த அமைச்சர் லீ சியன் லூங், பிரதமராக இருந்தபோது 2015ஆம் ஆண்டு மே மாதம் ஃபேஸ்புக்கில் வெளியிட்ட சுடோக்கு நிரலும் இதே முறையில் அமைந்ததுதான். கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினி அறிவியலும் பயின்ற அவர், அந்த நிரலை சி++ மொழியில் எழுதியிருந்தார்.

சுடோக்குவில் 81 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் போடக்கூடிய எண்கள் மிகக் குறைவோ, அதை முதலில் நிரப்பிப் பார்க்கும்படி அவர் நிரலை அமைத்திருந்தார். அதனால் தவறான பாதைகள் விரைவில் அடைபடுகின்றன. நிரலில் பிழை தெரிந்தால் சொல்லுங்கள் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். அந்த நிரலுக்கு யாரும் அவருக்கு மதிப்பெண் போடப்போவதில்லை.

தகட்டின் வெப்பம்

பொறியியல் மாணவர்களுக்கு இத்தகைய கணிப்பு முறைகள் அன்றாடத் தேவை. ஓர் உலோகத் தகட்டின் ஓரங்களை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்தால், நடுப்பகுதி எவ்வளவு சூடாக இருக்கும்? தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நான்கு பக்கத்துக் கட்டங்களின் சராசரியைக் கொடுங்கள். எண்கள் மாறாமல் நிலைக்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கூட இதை எக்செல் தாளில் செய்துபார்க்கலாம்.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் இந்த நிரலைச் சில விநாடிகளில் எழுதித் தந்துவிடும். பிறகு நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

வந்த விடை சரிதானா என்று சொல்ல ஆள் வேண்டுமே! தகட்டின் எல்லா ஓரங்களும் 30 டிகிரி என்றால், நடுவிலும் 30 டிகிரிதான் வரவேண்டும். 34 என்று வந்தால் நிரலில் கோளாறு. இந்தச் சோதனை தோன்றுவதற்கு அந்த முறை உள்ளே எப்படி இயங்குகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாளை இதே மாணவர் ஒரு பாலத்தின் தாங்குதிறனைக் கணக்கிடலாம். அப்போது தவறான விடைக்கு விலை கொடுப்பவர்கள் அந்தப் பாலத்தில் பயணம் செய்பவர்கள்.

எங்கே தொடங்குவது?

உங்களுக்குத் தொல்லை தரும் ஒரு சிறு விஷயத்திலிருந்து தொடங்கலாம். நீங்கள் செல்லும் பேருந்துகள் நெடுநேரம் வராமல், பிறகு இரண்டு சேர்ந்தே வருகின்றனவா? நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘டேட்டாமால்’ தளம் பேருந்து வருகைத் தரவுகளை இலவசமாகத் தருகிறது. ஒரு வாரம் அவற்றைச் சேகரித்து, இடைவெளிகளை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு நிறுத்தம் போதும். ஐந்தாறு வருகைகளை நீங்களே கடிகாரம் பார்த்துக் குறித்து, நிரல் தரும் எண்களோடு ஒப்பிடுங்கள். பிறகு நண்பர் ஒருவரிடம் காட்டிக் குறை சொல்லச் சொல்லுங்கள்.

அது பாதியில் நின்றுபோனாலும் நட்டமில்லை. நின்ற இடம் எது, ஏன் நின்றது என்று குறித்து வையுங்கள். சுடோக்கு நிரலும் ஓர் அடி பின்வாங்கித்தான் அடுத்த வழியைத் தேடுகிறது.