வெளிச்சுவர் உறை பராமரிப்பு

வெளிச்சுவர் உறை என்பது, வீட்டின் வெளிப்புறச் சுவர்களை மழை, வெயில், காற்று, பனி ஆகியவற்றிலிருந்து காப்பதற்காக அவற்றின்மீது பொருத்தப்படும் பலகைகளாலான போர்வை ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருந்தொகையான வீடுகள் மரச்சட்டகங்களைக் கொண்டு கட்டப்படுவதால், அங்கே இவ்வுறை பரவலாகக் காணப்படுகின்றது. அந்நாடுகளில் இதனைச் "சைடிங்" என்பர். இவ்வுறையைக் கழுவுதல், பழுது பார்த்தல், நிறந்தீட்டுதல் முதலிய பணிகள் வெளிச்சுவர் உறை பராமரிப்பு எனப்படுகின்றன.

அமைப்பும் செயற்பாடும்

ஓட்டுக் கூரையில் ஓடுகள் அமைவதைப் போலவே, உறையின் பலகைகளும் மேலுள்ளது கீழுள்ளதன்மேல் சற்றே கவிந்திருக்குமாறு பொருத்தப்படுகின்றன. மழைநீர் ஒரு பலகையிலிருந்து அடுத்ததன்மேல் வழிந்து தரையை அடைகின்றது. எனினும் உறை நீரை முற்றாகத் தடுப்பதில்லை. காற்றுடன் கூடிய மழையின்போது சிறிதளவு நீர் இடுக்குகளினூடாக உட்புகும். இதனால் உறைக்குப் பின்னால் நீரைத் தடுக்கும் தாள் ஒன்று விரிக்கப்படுகின்றது. உட்புகுந்த நீர் அத்தாளின்மீது வழிந்து கீழே வெளியேற வேண்டும். எஞ்சிய ஈரம் உலர வேண்டும். இவை நிகழாவிடின், வெளியே எவ்வித அறிகுறியும் தெரியாமலே உள்ளிருக்கும் மரச்சட்டகம் அழுகி வலுவிழக்கக்கூடும்.

கனடாவின் பிரிட்டிசு கொலம்பியா மாகாணத்தில் 1980களிலும் 1990களிலும் கட்டப்பட்ட பல அடுக்குமாடி வீடுகளில் இத்தகைய நிலை ஏற்பட்டது. சாந்து பூசிய சுவர்கள் உட்படப் பல வகைச் சுவர்களினூடாகப் புகுந்த நீர், வெளியேற வழியின்றிச் சட்டகங்களை அழித்தது. திருத்தச் செலவு பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்கள்மீதே விழுந்தது. இதனை ஆராய மாகாண அரசு 1998 ஆம் ஆண்டில், முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் ஆணைக்குழு ஒன்றை அமைத்தது.

உறை வகைகள்

* மரம்: நிறப்பூச்சே இதன் காப்பு. பூச்சு உரிந்த இடத்தில் மரம் நீரை உறிஞ்சும். ஆகவே உரிந்த பகுதிகளைச் சுரண்டி, உலரவிட்டு, மீண்டும் நிறந்தீட்ட வேண்டும்.
* வினைல்: பிவிசி எனப்படும் நெகிழியால் ஆனது. நிறந்தீட்ட வேண்டியதில்லை. வெப்பத்தால் விரிந்து குளிரில் சுருங்குவதால், இதனை ஆணியால் இறுக்காமல் அசைவதற்கு இடம்விட்டே தொங்கவிடுவர். சூட்டடுப்பை அருகில் வைத்தால் உருமாறிவிடும்.
* நார்ச்சிமெந்து: சிமெந்து, மணல், மரக்கூழ் நார் ஆகியவற்றாலானது. எளிதில் தீப்பற்றாது. வெட்டிய விளிம்புகள் நீரை உறிஞ்சுமாதலால் அவற்றுக்குப் பூச்சு தேவை.
* அலுமினியம்: துருப்பிடிப்பதில்லை. ஆனால் நாளடைவில் இதன் பூச்சு வெண்தூளாக உதிரும், அடிபட்டால் நெளியும்.

கழுவும் முறை

ஆண்டுக்கொரு முறை மென்மையான தூரிகையாலும் மென்சவர்க்காரக் கரைசலாலும் கழுவுவது பெரும்பாலான உறைகளுக்குப் போதுமானது. அழுக்குநீர் வழிந்து கறைக்கோடுகள் உண்டாவதைத் தவிர்க்க, கரைசலைக் கீழிருந்து மேலாகப் பூசி, அது காயுமுன் நீரூற்றி அலச வேண்டும்.

நிழலான பக்கங்களில் தோன்றும் கரும்புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சணம் ஆகும். குளோரின் வெளிற்றியை ஒரு துளி இட்டால் பூஞ்சணம் வெளிறும். வெறும் அழுக்கு மாறாதிருக்கும். வினைல் உறையில் உள்ள பூஞ்சணத்தை அகற்ற, மூன்று பங்கு வினாகிரியும் ஏழு பங்கு நீரும் கலந்த கரைசல் பயன்படும். வெளிற்றியை வினாகிரியுடனோ அமோனியாவுடனோ ஒருபோதும் கலக்கக்கூடாது. அக்கலவைகளிலிருந்து நச்சு வளிமங்கள் வெளிப்படும்.

உயரழுத்த நீர்த்தெளிப்புக் கருவி விரைவாகச் சுத்தம் செய்யுமெனினும், கவனமின்றிக் கையாண்டால் கேடு விளைவிக்கும். மழை மேலிருந்து விழும் என்பதைக் கருதியே பலகைகள் கவிக்கப்பட்டுள்ளன. கீழிருந்து மேல்நோக்கிப் பாய்ச்சப்படும் நீர், கவிந்த விளிம்புகளின் அடியினூடாக உள்ளே செல்லும். ஆகையால் நீரைக் கண்மட்டத்தில் நேராகவோ, சற்றுக் கீழ்நோக்கியோ பாய்ச்சுதல் வேண்டும். சாளர ஓரங்களையும் மூட்டுகளையும் தவிர்க்க வேண்டும்.

பழைய வீடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈய நிறப்பூச்சு 1978 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. அதற்கு முற்பட்ட வீடுகளின் பூச்சைச் சுரண்டும்போது எழும் ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கல்நார் கலந்த சிமெந்துப் பலகைகளும் பரவலாகப் பயன்பட்டன. உடையாத நிலையில் இவற்றால் தீங்கு குறைவு. தேய்த்தாலோ, துளையிட்டாலோ, உயரழுத்த நீரால் கழுவினாலோ நுண்ணிழைகள் வெளிப்பட்டு நுரையீரல் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் காரணமாகலாம். எனவே இத்தகைய வீடுகளில் முதலில் மாதிரியைச் சோதித்து, பின்னர் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே வேலை செய்தல் வேண்டும்.

தொடர் கவனிப்பு

கூரை நீர்ப்பீலிகளில் சருகு அடைத்தால் நீர் சுவரில் வழியும். எனவே அவற்றைத் துப்புரவாக வைத்திருத்தல் அவசியம். செடிகொடிகள் உறையைத் தொடாதிருக்க வேண்டும். உறையின் அடிவிளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 15 செ.மீ. இடைவெளி இருப்பது நல்லது. சாளரங்களைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை வெடித்திருந்தால் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பலகைகளின் கவிந்த அடிவிளிம்புகளையும், வினைல் உறையின் அடியிலுள்ள சிறு துளைகளையும் அடைத்தல் கூடாது. அவை பழுதுகள் அல்ல. உட்புகுந்த நீர் வெளியேறுவதற்கான வழிகள் ஆகும்.