இன்னொரு ஜார்ஜ்டவுன்: ஒரு வாக்கில் கவிழ்ந்த ஆட்சி

பினாங்கு மாணவர்களுக்கு ஒரு கேள்வி. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கிய நகரம் நம்முடையது மட்டும்தானா? இல்லை. தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் கயானா நாட்டின் தலைநகரும் ஜார்ஜ்டவுன்தான், மன்னரும் அவரேதான். தீபகற்ப மலேசியாவை விடப் பெரிய அந்த நாட்டின் மக்கள்தொகை, பினாங்கு மாநிலத்தின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிதான்.

நம் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கொண்டுவரப்பட்ட 19ஆம் நூற்றாண்டில்தான் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியர்கள் கப்பலேறினார்கள். 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 39 ஆயிரம் பேர். பெரும்பாலோர் கல்கத்தா வழியே சென்ற வட இந்தியர்கள். சென்னையிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறு பகுதியினர். அவர்களின் வழித்தோன்றல்களை இன்றும் ‘மதராசி’ என்கிறார்கள். அவர்கள் வீடுகளில் தமிழ்ப் பேச்சு மறைந்துவிட்டது. மாரியம்மன் வழிபாடும் தப்பு மேளமும் மறையவில்லை.

அந்த மதராசிக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர்தான் 2015இல் கயானாவின் பிரதமரான மோசஸ் வீராசாமி நாகமுத்து. அவர் பதவிக்கு வந்த கதையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1953 தேர்தலில் இந்திய வம்சாவளியினரான செட்டி ஜெகனும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான போர்ப்ஸ் பர்ன்ஹாமும் ஒரே கட்சியில் நின்றார்கள். 24 இடங்களில் 18ஐ வென்றார்கள். கம்யூனிசம் வந்துவிடும் என்று அஞ்சிய பிரிட்டன், 133 நாளில் அரசமைப்பையே முடக்கிவிட்டுப் படையை இறக்கியது. 1955இல் தலைவர்கள் இருவரும் பிரிந்தார்கள். அதன்பின் கட்சிகள் இன வாரியாகப் பிளந்தன. கயானாவின் பெரிய காயம் அங்கேதான் தொடங்கியது என்பேன்.

1964இல் பிரிட்டன் தேர்தல் முறையை விகிதாசார முறைக்கு மாற்றியது. ஜெகன் கட்சிக்கு 53இல் 24 இடங்கள். அதுவே ஆகப் பெரிய கட்சி. ஆனால் 22 இடங்கள் பெற்ற பர்ன்ஹாம், 7 இடங்கள் பெற்ற இன்னொரு கட்சியைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தார். 1966 மே 26இல் சுதந்திரம். பர்ன்ஹாம் 1985இல் இறக்கும்வரை அதிகாரத்தில் இருந்தார். இடையில் நடந்த தேர்தல்கள் மோசடிக்குப் பெயர்போனவை. 1992இல்தான் ஜெகன் அதிபரானார்.

நாகமுத்து இளமையிலேயே ஜெகன் கட்சியில் சேர்ந்து அமைச்சராகவும் இருந்தவர். 2011இல் அக்கட்சியை விட்டு விலகினார். 2015இல் அவர் சார்ந்த சிறிய கட்சி, ஆப்பிரிக்க வம்சாவளியினரின் ஆதரவைப் பெற்ற அணியுடன் கைகோத்தது. 65 இடங்களில் கூட்டணிக்கு 33, எதிரணிக்கு 32. டேவிட் கிரேஞ்சர் அதிபர், நாகமுத்து பிரதமர். அதே மாதம் கடலில் பெரும் எண்ணெய் வளமும் கண்டுபிடிக்கப்பட்டது. இனி யார் ஆள்வது என்பதன் விலை பல மடங்கு கூடிவிட்டது.

2018 டிசம்பர் 21. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது வாக்கெடுப்பு. நாகமுத்துவின் கட்சியையே சேர்ந்த சரண்தாஸ் பெர்சாத், ஆட்சிக்கு எதிராக வாக்களித்தார். 33க்கு 32, ஆட்சி தோற்றது. மறுநாளே அவர் நாட்டை விட்டு வெளியேறினார்.

அடுத்து வந்தது ஒரு விசித்திரக் கணக்கு. 65இல் பாதி 32.5, அதை 33 என்று முழுமையாக்கி, ஒன்றைக் கூட்டினால் 34 வாக்குகள் வேண்டும் என்று வாதிட்டது அரசு. பள்ளியில் இப்படிக் கணக்குப் போட்டால் ஆசிரியர் விடமாட்டார்! ஆனால் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2019 ஜூனில் கரீபிய நீதிமன்றம், 33 போதும் என்று தீர்ப்பளித்தது.

மூன்று மாதத்தில் நடக்க வேண்டிய தேர்தல் 2020 மார்ச் 2இல்தான் நடந்தது. முடிவை அறிவிப்பதிலும் தகராறு. வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்டன. ஐந்து மாதம் கழித்து, ஆகஸ்டு 2இல், ஜெகன் தொடங்கிய கட்சியின் இர்பான் அலி அதிபராகப் பதவியேற்றார். அக்கட்சி வென்ற இடங்கள் 33. அன்றோடு நாகமுத்துவின் பிரதமர் பதவியும் முடிந்தது.