ஓய்வும் ஒரு பயிற்சியே

தேகாப்பியாசம் அவசியம் என்பதை இக்காலத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின் இளைப்பாறுவதும் அவசியம் என்பதைத்தான் பலருக்கும் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உற்சாகம் மிகுந்த நம் இளைஞர்கள், திங்கட்கிழமை 100 தண்டால் எடுத்தால் செவ்வாய்க்கிழமை 120 எடுத்தாக வேண்டும் என்று எண்ணுகிறார்கள். மூன்றாவது வாரம் தோள் பிடித்துக்கொள்கிறது. நான்காவது வாரம் கர்லாக்கட்டை பரண்மேல் ஏறிவிடுகிறது!

தசைகள் பயிற்சி செய்யும்பொழுது வளர்வதில்லை. கடும் பயிற்சியினால் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன; தசையில் சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்னும் சத்தும் செலவழிந்து போகிறது. சிதைந்ததைச் செப்பனிட்டு, முன்னிலும் சற்று உறுதியாக்கும் வேலையைச் சரீரம் அதற்குப் பிறகே செய்கிறது. இந்த வேலை ஒரு நாள், இரண்டு நாள் வரையில் நடைபெறும். வளர்ச்சிக்கு உதவும் ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது ஆழ்ந்த நித்திரையில்தான். ஈரம் உலராத சுவரின்மேல் மேலும் மேலும் செங்கல்லை அடுக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

ரோஜர் பானிஸ்டர் என்ற ஆங்கிலேயரின் கதை இதற்கு நல்ல உதாரணம். லண்டனில் வைத்திய மாணவராக இருந்த அவர், 4 நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிவிட வேண்டும் என்று 1954-ஆம் வருஷத்தில் பிரயத்தனம் செய்து வந்தார். 440 கஜ ஓட்டத்தை, நடுநடுவே சிறிது இடைவெளி விட்டு, 10 தடவை ஓடுவது அவருடைய பயிற்சி. ஒவ்வொன்றையும் 60 விநாடிக்குள் முடிக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் 61 விநாடிக்குக் கீழே இறங்க முடியவில்லை. கடைசியில் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, நண்பர் பிராஷருடன் ஸ்காட்லாந்து மலைகளில் சில தினங்கள் ஏறித் திரிந்தார். திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி! பந்தயத்துக்கு முந்திய ஐந்து நாட்களும் அவர் பயிற்சி செய்யவில்லை. மே மாதம் 6-ந் தேதி ஆக்ஸ்போர்டில், 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஒரு மைலைக் கடந்து உலகத்தை வியப்பில் ஆழ்த்தினார்.

இது மேனாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பித்த பாடமன்று. தன் பலத்தில் பாதியளவுக்கே அப்பியாசம் செய்ய வேண்டும் என்று நமது சுசுருத சம்ஹிதை பண்டைக் காலத்திலேயே விதித்திருக்கிறது.

ஆகவே, ஒரு தசைக்குக் கடும் வேலை கொடுத்தால் மறு நாள் அதற்கு விடுமுறை கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மெதுவாக உலாவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயது வந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேர நித்திரையாவது வேண்டும். காலையில் நாடித் துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாயிருத்தல், பசியின்மை, தூக்கக் குறைவு, காரணமில்லாத கோபம் ஆகியவை சில தினங்கள் நீடித்தால், சரீரம் ஓய்வுக்கு மனுச் செய்துகொள்கிறது என்று அறியலாம். கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத தசை வலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கினால், தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும். சிதைந்த தசையின் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும்.

இன்னும் ஒரு விஷயம். நம் வீட்டுப் பெண்மணிகள் விடியற்காலை முதல் இரவு வரை உழைக்கிறார்கள். அதற்கு மேல் உலாவப் போகும்படியும் யோகாசனம் செய்யும்படியும் அவர்களுக்கு உபதேசிக்கிறோம். அவர்களுடைய ஓய்வு நாள் எது என்று யாராவது கேட்டதுண்டா? ஞாயிற்றுக்கிழமை அடுப்பங்கரை வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டால், ஒருவருக்குத் தேகாப்பியாசமும் மற்றவருக்கு ஓய்வும் ஒரே சமயத்தில் கிடைத்துவிடும். வருகிற ஞாயிறன்றே நேயர்கள் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.