இரண்டு நூல்களையும் அருகருகே வையுங்கள்

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வருகிறது. பிரபலமான ஓர் ஆலிமின் நூல் அவர் எழுதியதே அல்ல, இன்னொருவர் எழுதியதைத் திருடித் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்கிறது அது. கூடவே இரண்டு பக்கங்களின் படங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் அக்குறணையில் இப்படியொரு செய்தி அஸருக்குப் பின் புறப்பட்டது. இஷாவுக்கு முன் அதை அறியாத வீடு இல்லை. ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. ஒரு பக்கம், "கள்ளன் பிடிபட்டான்" என்று செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பியது. மறு பக்கம், "ஆலிம்களைப் பற்றிப் பேசுவது பாவம், வாயை மூடுங்கள்" என்றது. இரு பக்கத்தாரிலும் அந்த நூல்களைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

ஒருவர் பார்த்தார். என்னிடம் முன்பு அரபு படித்து இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒரு சகோதரி, இரண்டு நூல்களையும் தேடி எடுத்து, தன் வாப்பாவின் கையில் கொடுத்தனுப்பினார். "ஹஸ்ரத், ஒத்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு துண்டும் எழுதியிருந்தார். அந்த நூல்களுக்குப் பிறகு வருவோம். இந்த விடயத்தை நம் முன்னோர் எப்படிக் கையாண்டார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

ஹதீஸ் கலையில் "ஹதீஸைத் திருடுபவர்" என்றே ஒரு குற்றச்சாட்டு உண்டு. பிறர் அறிவித்த ஹதீஸைத் தானே கேட்டது போலச் சொன்னவரை, அவர் எவ்வளவு பெரியவரானாலும், அறிவிப்பாளர் வரலாற்று நூல்களில் பெயர் குறிப்பிட்டு எழுதினார்கள். யாரிடமிருந்து கேட்டோம் என்பதைச் சொல்வதுதான் இஸ்னாத். அதில் பொய் புகுந்தால் மார்க்கமே பழுதாகும். இமாம் குர்துபி (றஹ்) தமது தஃப்ஸீரின் முன்னுரையிலேயே, ஒவ்வொரு கருத்தையும் அதைச் சொன்னவரின் பெயருடன் தருவதைத் தமக்கு நிபந்தனையாக்கிக் கொண்டார்கள்.

அடுத்து, எகிப்தில் நடந்த ஒரு வழக்கு. இமாம் ஸுயூத்தி (றஹ்), இமாம் கஸ்தல்லானி (றஹ்) இருவரும் ஒரே காலத்தவர். முன்னவர் ஹிஜ்ரி 911இலும் பின்னவர் 923இலும் வபாத்தானவர்கள். ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய கஸ்தல்லானி அவர்கள், நபி (ஸல்) அவர்களின் வரலாறு பற்றி "அல்மவாஹிபுல் லதுன்னிய்யா" என்ற நூலையும் எழுதினார்கள். "இதில் என் நூல்களிலிருந்து எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லவில்லை" என்பது ஸுயூத்தி அவர்களின் முறைப்பாடு. விசாரித்தவர் ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரி (றஹ்).

ஸுயூத்தி அவர்கள் கூச்சல் போடவில்லை, ஓர் ஆதாரம் கேட்டார்கள். "இவர் பல இடங்களில் இமாம் பைஹகியிடமிருந்து எடுத்ததாக எழுதுகிறார். பைஹகிக்குப் பல நூல்கள் உண்டு. எந்த நூலில் பார்த்தார் என்று காட்டட்டும்" என்றார்கள். காட்ட முடியவில்லை. பைஹகியை ஸுயூத்தியின் நூலில் படித்தவர், ஸுயூத்தி எடுத்துக்காட்டியதாக எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் குற்றச்சாட்டு. மூல நூலையே பார்த்தது போலக் காட்டிக்கொள்வதும் திருட்டின் ஒரு வகை என்பதை ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே தெளிவாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்! பிறகு கஸ்தல்லானி அவர்கள் மனத்தாங்கலைத் தீர்க்க வெறுங்காலுடன் ஸுயூத்தியின் வீட்டுக்கு நடந்து சென்றார்கள் என்றும், ஸுயூத்தி அவர்கள் மனம் பொருந்தியதாகச் சொன்னாலும் கதவைத் திறக்கவில்லை என்றும் ஐதரூஸி தமது "அந்நூருஸ் ஸாஃபிர்" நூலில் பதிந்துள்ளார்.

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். அதே ஸுயூத்தி அவர்கள் மீதே, பிறர் நூல்களைத் தமதாக்கினார் என்று இமாம் ஸகாவி (றஹ்) எழுதினார்கள். பின்னாளில் இமாம் ஷௌகானி (றஹ்) அதை ஆராய்ந்து, ஒரே காலத்து அறிஞர்கள் போட்டியின் சூட்டில் ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது என்று ஸுயூத்தியின் பக்கம் நின்றார்கள். ஆகவே குற்றம் சாட்டுபவர் யார், அவருக்கு என்ன கோபம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் கோபக்காரர் கொண்டுவந்தார் என்பதற்காகக் கண்ணெதிரே இருக்கும் ஆதாரம் பொய்யாகிவிடாது.

நம் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். வட இந்தியாவின் நைனிதாலில் உள்ள குமாவுன் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக இருந்தவர் பேராசிரியர் பி.எஸ். ராஜ்புத். 2002ஆம் ஆண்டில், அவரும் அவரது மாணவரும் பெயர் போட்டு ஓர் ஐரோப்பிய பௌதிகவியல் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை ரெனாட்டா கலோஷ் 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அங்கே பௌதிகவியல் துறைத் தலைவியாக இருந்த கவிதா பாண்டே இதில் குரல் கொடுத்தார். விளைவு, அவர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். உபவேந்தர் குற்றத்தை மறுத்தார்.

விடயம் அத்துடன் அமுங்கவில்லை. நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர்கள், அன்றைய இந்திய ஜனாதிபதி ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை நடந்தது. குற்றம் உறுதியானது. 2003 பெப்ரவரியில் உபவேந்தர் பதவி விலகினார். பதவிக்கு எதிராகப் பேசியது ஒரு பெண். பறிபோன உழைப்பும் ஒரு பெண்ணுடையது. இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்தபோது பதவி பாதுகாப்பளிக்கவில்லை.

"இதெல்லாம் புறம் பேசுவதாகாதா, மௌலவி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புறம் பேசுவதை அல்ஹுஜுராத் அத்தியாயம் எவ்வளவு அருவருப்பான செயலாகக் காட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும் அநீதியை முறையிடுவது, மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது போன்ற ஆறு சந்தர்ப்பங்களில் பிறரின் குறையைச் சொல்ல அனுமதி உண்டு என்று இமாம் நவவி (றஹ்) "ரியாளுஸ் ஸாலிஹீன்" நூலில் விளக்குகிறார்கள். அனுமதி தேவையின் அளவுக்குத்தான். நூலைப் பற்றிப் பேச வந்தவர், எழுதியவரின் குடும்பத்தையும் வீட்டையும் பேசினால் அது புறம்தான். ஒத்துப் பார்க்காமல் பேசினால் அவதூறு. அதே அத்தியாயத்தின் 6ஆவது வசனம், வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுவதையும் மறக்க வேண்டாம்.

ஆதாரம் கொண்டுவருவது வாதிடுபவரின் கடமை என்பது ஷரீஅத்தின் விதி. குற்றம் சாட்டுபவர் ஒரு வாதி. "இது என் அறிவு, என் பட்டம்" என்று சொல்பவரும் ஒரு வாதியே. நமது நாட்டில் 2024 நவம்பர் 21ஆம் திகதி சபாநாயகரான அசோக ரன்வல அவர்களின் கலாநிதிப் பட்டம் பற்றிக் கேள்வி எழுந்தது. அது எழுத்துத் திருட்டு அல்ல. ஆனாலும் மக்கள் ஆதாரம் கேட்டார்கள். ஆவணங்களை உடனே சமர்ப்பிக்க முடியவில்லை என்று கூறி, டிசம்பர் 13ஆம் திகதி அவர் பதவி விலகினார். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொண்டு தன்னை நிறைத்துக் காட்டுபவரை, பொய்யான இரண்டு ஆடைகளை அணிந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதை இங்கே நினைவுகூர்வோம்.

இனி, அந்த இரண்டு நூல்கள். மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். சகோதரி சிவப்புப் பேனையால் கோடிட்டிருந்த இடங்களில் பெரும்பாலானவை ஹதீஸ்களும் வரலாற்றுச் செய்திகளும். அவை எவருக்கும் தனிச் சொத்து அல்ல. இருவரும் ஒரே அரபு நூலைப் பார்த்திருந்தார்கள். முழு நூலும் திருட்டு என்ற செய்தி பொய். ஆனால் ஓர் அத்தியாயத்தில் பதினொரு பக்கங்கள் வசனத்துக்கு வசனம் ஒன்றாக இருந்தன. பழைய நூலில் தவறாக அச்சான ஒரு ஹதீஸ் இலக்கம், புதிய நூலிலும் அதே தவறுடன் இருந்தது. சரியானது ஒத்திருந்தால் தற்செயல் எனலாம். பிழையும் ஒத்திருந்தால் என்ன சொல்வது?

பழைய நூலை எழுதிய மௌலவி வபாத்தாகிவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியை அச்சுக்காகப் படியெடுத்துக் கொடுத்தது அவர் மனைவி. செய்தி அறிந்த அந்தத் தாய் சொன்னது இதுதான்: "காசு வேணாம் மகன். அவங்க பேரைப் போட்டாப் போதும். படிக்கிறவங்க துஆச் செய்வாங்களே." அறிஞர் ஒருவரின் பெயரை மறைப்பது, கப்றில் இருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டிய துஆவை மறைப்பது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பக்க இலக்கங்களுடன் நூலாசிரியருக்குத் தனியாகக் கடிதம் எழுதினேன். ஆரம்பத்தில் கோபப்பட்டார், பிறகு ஏற்றுக்கொண்டார். அடுத்த பதிப்பில் மர்ஹூம் அவர்களின் பெயர் வந்தது. முழு நூலும் திருட்டு என்று ஊரெல்லாம் அனுப்பியவர்களில் மன்னிப்புக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அவர்கள் கணக்கு இன்னும் தீரவில்லை.

சகோதரிகளே! இந்த அமானிதத்தின் முதல் பாடசாலை உங்கள் வீடு. பிள்ளையின் ஒப்படையை நீங்கள் எழுதிக் கொடுத்து, மீலாத் போட்டிக் கட்டுரையை மாமா எழுதிக் கொடுத்து, பரிசு வாங்கிவந்த பிள்ளையை உச்சி முகர்ந்தால், அது என்ன கற்றுக்கொள்ளும்? "இதை எங்கே படித்தாய் மகள்? அந்தப் பெயரையும் எழுது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த முறை குற்றச்சாட்டுச் செய்தி வரும்போது, விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போகுமுன், இரண்டு நூல்களையும் கேளுங்கள்.

பிறர் உழைப்பை மறைப்பதை விட்டும், பிறர் மானத்தைக் கெடுப்பதை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!