இரு குலம் சேர்ந்த ஒரு செடி

கோவேறு கழுதைக்குக் குட்டியில்லை என்பதை யாவரும் அறிவர். குலம் வேறுபட்ட இரண்டு கூடிப் பெற்ற உடல் எத்துணை வலிமையுடையதாயினும் சந்ததியின்றி மாய்வதே பெரும்பான்மை. செடிகளுள்ளோ இதற்கு விலக்கு அடிக்கடி காணப்படுகின்றது. கலப்புச் செடியின் குரோமோஸோம்கள் ஒருமுறை இரட்டித்துவிடுமாயின் ஒவ்வொன்றுக்கும் இணை வாய்த்துவிடும், மலடு நீங்கும், புதியதோர் இனம் நிலைபெறும். நாம் உண்ணும் கோதுமையும், உடுக்கும் பருத்தியிற் பெரும்பங்கும் இவ்வாறு தோன்றியனவே. எனினும் அவை பிறந்தது எவரும் குறித்துவையாத காலத்தில். பிறந்த காலம் தெரிந்த ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

டிராகபோகன் என்பது ஐரோப்பியச் செடி. அக்கிரேக்கப் பெயருக்கு ஆட்டுத்தாடி என்பது பொருள். அதன் மூன்று இனங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தின் கிழக்குப் பகுதியை அடைந்து, பாதையோரங்களில் ஒருங்கே வளர்ந்தன. மாரியன் ஓன்பி என்னும் தாவர சாஸ்திரி 1949-இல் அங்கே பெற்றோர் இனங்களினின்றும் வேறான, வளமான விதை தரும் இருவகைச் செடிகளைக் கண்டு, 1950-இல் அவற்றைப் புது இனங்களென வெளியிட்டார். பெற்றோர்க்குக் குரோமோஸோம்கள் 12; இவற்றிற்கு 24. அவற்றுள் மிசெல்லஸ் என்னும் இனம் ஒருமுறையன்றிப் பன்முறை தனித்தனியே தோன்றியது. புல்மன் நகரத்துச் செடிக்குத் தாயான டூபியஸ் என்னும் இனமே பிற ஊர்ச் செடிகட்குத் தந்தையாயிற்று. ஆதலின் பூவிதழ் அங்கே நீண்டும் பிறவிடத்துக் குறுகியும் இருக்கின்றது.

இனி, ஒரு வீட்டில் இரு சமையற்காரர் இருந்தால் அடுப்பு யாருடையது? ஒவ்வொரு தொழிலுக்கும் இருவழி ஜீன்களும் ஒரே உயிரணுவில் உள்ளனவே! 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி இதற்கு அழகிய விடை தருகின்றது. பெற்றோரிடம் ஒரு ஜீன் ஓர் உறுப்பில் தொழில் செய்து மற்றோர் உறுப்பில் அடங்கியிருக்கும். கலந்த முதல் தலைமுறையிலோ அக்கட்டுப்பாடு தளர்ந்து, இருவழிப் பிரதிகளும் எல்லா உறுப்புக்களிலும் தொழில் செய்யத் தலைப்படுகின்றன. ஏறக்குறைய 40 தலைமுறை கடந்த காட்டுச் செடிகளில் புதிய ஒழுங்கு பிறந்துள்ளது: சில ஜீன்களின் ஒருவழிப் பிரதி இலையிலோ பூவிலோ வாயடங்கிவிட்டது. இரண்டாண்டுக்கொரு தலைமுறை எனக் கொண்டால், இம்மாறுதலுக்கு ஒரு மனிதனுடைய ஆயுளே போதியதாயிற்று.

வாயடங்காது அடியோடு மறைந்துபோன பிரதிகளும் உண்டு. அவற்றுட் பெரும்பாலன டூபியஸ் வழி வந்தவை. தனித்தனியே தோன்றிய கூட்டங்களிலும் அதே ஜீன்கள் மீண்டும் மீண்டும் தொலைந்திருக்கின்றன. இதனை முழுதும் தற்செயலென்று தள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை. எண்ணிக்கை குறைந்தவர் ஏவலாளரே என்றும் கருதற்க. புரதம் சமைக்கும் ரைபோஸோமுக்குரிய ஜீன்களில் டூபியஸ் வழியின பெரும்பாலான கூட்டங்களில் தொகையிற் குறைந்தும் தொழிலில் மேலோங்கியும் நிற்கின்றன.

குரோமோஸோம்களுங்கூடச் சரிசமமாய் நிற்பதில்லை. ஒருவகைக் குரோமோஸோம் இருவழியினின்றும் இவ்விரண்டாக இருத்தல் முறை. ஆனால் ஒருவழியில் மூன்றும் மறுவழியில் ஒன்றுமாக உள்ள செடிகள் பல. நான்கும் ஒரேவழியாக உள்ளனவும் உண்டு. பங்கு எவ்வாறு மாறினும் தொகை பெரும்பாலும் நான்காகவே நிற்கின்றது.