பங்குனி ஆமையும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும்

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு தம்பி இருந்தார். பால்குடி மறந்த வயது. அவர் நுகைர் என்னும் சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் குருவியைப் பற்றி அவரிடம் விசாரிப்பார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. இந்த ஒரு ஹதீஸிலிருந்து 60 பாடங்களை எடுத்துத் தனி நூலே எழுதினார் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (ரஹ்). மத்ரஸாவில் இதைப் படிக்கிற நாம், நம் வீட்டுப் பிள்ளை எதில் ஆசையாக இருக்கிறான் என்று கடைசியாக எப்போது கேட்டோம்?

பத்தாம் வகுப்பு வந்ததும் கேரம் பலகை பரணுக்குப் போய்விடுகிறது. ஓவிய நோட்டு பழைய பேப்பர்காரரிடம் போகிறது. டியூஷன் மட்டும் மிஞ்சுகிறது. ஆனால் கைபேசியை எவரும் பரணில் ஏற்றுவதில்லை! பொழுதுபோக்கைப் பிடுங்கினால் அந்த நேரம் படிப்புக்குப் போகும் என்ற கணக்கு பெரும்பாலான வீடுகளில் பொய்த்துத்தான் போகிறது.

பூம்புகார் பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு நல்ல வழி வாசலிலேயே இருக்கிறது. காவிரி கடலில் கலக்கும் இந்தக் கரையோரத்தில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். ஆலிவ் ரிட்லி என்பது நூல்களில் உள்ள பெயர். ஒரு குழியில் ஏறக்குறைய 100 முட்டைகள். 45 முதல் 60 நாள்களில் மணலின் சூட்டிலேயே பொரிந்துவிடும். நாய், நரி கிளறாமலும் மனிதர் திருடாமலும் இருக்க, வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் புதைத்துக் காக்கிறது. வானகிரியிலும் கூழையாரிலும் இந்தப் பணி நடக்கிறது.

இதில் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சென்னையில் 1970களில் முதலைப் பண்ணை, பாம்புப் பண்ணை என்று இயங்கிய ஆர்வலர்கள் ஆமைக்காக இரவு நடையைத் தொடங்கினார்கள். பின்னர் 1988இல் மாணவர்களே கூடி ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் மணலில் நடப்பார்கள். டிராக்டர் டயர் உருண்டது போன்ற தடம் தெரிந்தால் நின்றுவிடுவார்கள். குச்சியால் மெல்ல மணலைச் சோதித்துக் குழியைக் கண்டுபிடிப்பார்கள். முட்டைகளை எண்ணி, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குடம் போன்ற குழி தோண்டி வைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதுவார்கள். பல இரவுகள் ஒரு தடம்கூடக் கண்ணில் படாது. அப்போதும் "இன்று ஏதும் இல்லை" என்று எழுத வேண்டும். உண்மையான பயிற்சி அங்கேதான் இருக்கிறது என்போம். வெறுங்கையோடு திரும்பிய இரவையும் பொய் கலக்காமல் பதிவு செய்யப் பழகிய பிள்ளை, நாளை கடையில் கல்லாவில் உட்கார்ந்தாலும் அமானிதம் தவறமாட்டான். அந்த அமைப்பைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று நாடறிந்த சூழலியல் பேராசிரியர்.

ஆமை நம் தட்டுக்கு வருகிற பிராணி அல்ல. ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அதற்கு அனுமதி இல்லை. பிறகு நமக்கென்ன அக்கறை? பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் உள்ளது. அந்தப் பறவையால் யாருக்கு என்ன லாபம் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி இழுவலையில் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துப் போகிறது.

இப்போது பெற்றோரின் நியாயமான தயக்கங்களுக்கு வருவோம். ஆமை வரும் காலமும் பொதுத்தேர்வுக் காலமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. எனவே தேர்வெழுதும் பிள்ளை ஜனவரியில் இரண்டு மூன்று சனிக்கிழமை இரவுகள் போனால் போதும். மீதியைத் தேர்வு முடிந்து குஞ்சுகள் பொரியும் நாள்களில் பார்த்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த நெருக்கடி கிடையாது. சில ஆண்டுகளாக ரமழானும் இந்த மாதங்களையொட்டியே வருகிறது. தராவீஹ் முடிந்து ஸஹர் வரை ஊர் சுற்றும் இளைஞர்களை ஜமாஅத் நிர்வாகிகள் இதற்கு அழைத்தால் என்ன? ஃபஜ்ர் தவறக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இரவுக் கடல் என்றாலே இந்தக் கரையில் தாய்மார்களுக்கு 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வரும். அந்த அச்சத்தை நாம் கேலி செய்யமாட்டோம். பெரியவர் துணையில்லாமல் எந்தப் பிள்ளையும் போகக்கூடாது. மகளுக்கு ஆசை இருந்தால் தகப்பனாரும் கூடவே போகட்டும்; தொப்பை குறையும்.

இன்னொன்று, நிய்யத். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தன்னார்வச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரே ஒரு நாள் போய்ப் படம் பிடித்துவிட்டு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சான்றிதழ் வாங்குவது ஹராம் அல்ல. ஆனால் குஞ்சைக் கையில் ஏந்தி ஃப்ளாஷ் அடித்துப் படமெடுப்பது அந்த உயிருக்கே தீங்கு. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஊர்ந்து போகும். கடற்பரப்பின் மெல்லிய ஒளி தெரியாமல் விளக்கைத் தேடிச் சாலைக்கு வந்துவிடும்.

போக நினைப்பவர்கள் முதலில் சீர்காழி வனச்சரகத்தினரிடம் பேசிக்கொள்ளுங்கள். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது; அனுமதியின்றி முட்டையைத் தொடுவதே குற்றம், நல்லெண்ணத்தோடு தொட்டாலும்தான். டார்ச் கொண்டுபோனால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். ஆமை முட்டையிட்டுக் கொண்டிருந்தால் அதன் முன்பக்கம் போகாமல், பின்னால் சத்தமின்றி உட்கார்ந்திருங்கள். நோட்டும் பேனாவும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.