யார் எங்கே உறங்குகிறார்?

1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி விடியற்காலை 5 மணி 46 நிமிஷத்துக்கு, ஜப்பானின் கோபே நகரத்தையும் அதற்கெதிரே கடலில் கிடக்கும் அவாஜித் தீவையும் உலுக்கிய பூகம்பம் 6,400க்கு மேற்பட்ட பிராணன்களைக் கொண்டுபோனபொழுது, இடிபாடுகளுக்குள் அகப்பட்டு மீண்டவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே இழுத்தவை குடும்பத்தாரும் அண்டை அயலாருமான சாதாரண ஜனங்களின் வெறுங்கைகளே. அவாஜியின் ஹொகுதான் என்னும் சிற்றூரிலோ, எந்த வீட்டில் எந்த அறையில் யார் உறங்குவார் என்பதை ஊர்க்காரர்களும் தொண்டர் தீயணைப்புப் படையினரும் முன்னமே அறிந்திருந்தபடியால், திக்குத் தெரியாமல் அலையாது, அந்தந்த இடத்திலேயே ஓடுகளையும் மரங்களையும் அகற்றி, அன்றைய தினத்துக்குள்ளேயே தேடுதலை முடித்துவிட்டார்கள். பரஸ்பர பரிச்சயத்தினும் மேலான ரக்ஷணச் சாதனம் வேறொன்றிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதோடு, பூகம்பத்துக்கு முன்னதாகச் செய்துகொள்ளவேண்டிய வீட்டு ஏற்பாடுகளும் எளியவை: நெடிய அலமாரியைச் சுவரோடு பிணைப்பது, படுக்கையருகே செருப்பும் டார்ச் விளக்கும் வைப்பது, ஆளுக்குத் தினம் 3 லிட்டர் வீதம் குறைந்தது 3 நாளைக்கு நீர் சேமிப்பது, பிரிய நேர்ந்தால் கூடவேண்டிய இடத்தை நிச்சயிப்பது. பேரிடரால் தொலைபேசி இணைப்புகள் திணறும் வேளையில், ஜப்பானில் 171 என்ற எண்ணில் தம் குரலைப் பதிந்துவைத்தால், உறவினர் பிறகு கேட்டறியலாம். குழந்தைகளும் முதியோரும் அதற்குப் பழகும்பொருட்டு, மாதந்தோறும் 1, 15 ஆகிய தேதிகளில் அதைப் பரீட்சித்துப் பார்க்க அனுமதிக்கிறார்கள்.